பால் டீ நிறத்தில் ஒரு பிளக்

மழை ஓய்ந்து பத்து நாள் போனால் ஒரகடத்தில் புல் முழங்கால் தொடும். சிப்காட் சாலையோரம், தொழிற்சாலை மதிலுக்கு உள்ளே, லாரி திரும்பும் முனை, எங்கு பார்த்தாலும் கோரையும் பார்த்தீனியமும்தான். தோளில் பெல்ட் மாட்டிய புல்வெட்டு ஆட்கள் அப்போது வருவார்கள். அவர்கள் வெட்டுவதைவிட, அதற்கு முன்னால் வேப்பமர நிழலில் சாக்கை விரித்து, மெஷினைக் கிடத்திச் செய்யும் அரைமணி நேர வேலைக்குத்தான் நான் ரசிகன்.

கைதேர்ந்தவர் முதலில் பிளக்கைக் கழற்றுவார். வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்வதுபோல. முனை பால் டீ நிறத்தில் இருந்தால் பேச்சே இல்லை, துடைத்து மாட்டிவிடுவார். கறுத்து நசநசத்திருந்தால் ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது யாரோ ஆயிலைத் தாராளமாக ஊற்றியிருக்கிறார்கள். வெளுத்துப் போயிருந்தால்தான் அவர் நெற்றி சுருங்கும். பெட்ரோல் போதாமல் உள்ளே சூடு ஏறுகிறது, பிஸ்டனுக்கே ஆபத்து. பிளக் முனையின் இடைவெளியை 0.6, 0.7 மில்லிமீட்டருக்குள் வைப்பார். கேஜ் இல்லாமல் நகத்தை நுழைத்து அளப்பவர்களும் உண்டு. அந்த வித்தைக்கு நான் கை தட்டுவதில்லை.

அடுத்து ஏர் ஃபில்டர். 35 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சின் நிமிடத்துக்கு 7,000 சுற்று சுற்றினால், கணக்குப்படி 245 லிட்டர் காற்றை இழுக்கும். கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியோடு சேர்த்து அத்தனையையும் வடிகட்டுவது உள்ளங்கை அகல ஸ்பான்ஜ் ஒன்று. சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, நல்ல ஆயிலில் நனைத்து அமுக்க வேண்டும். முறுக்கிப் பிழிந்தால் கிழியும். வடையில் எண்ணெய் ஒற்றுகிற பக்குவம் வேண்டும். இதை அவசரப்படாமல் செய்கிற கையைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

ராயல் என்ஃபீல்டின் ஒரகடம் தொழிற்சாலை 2013-இல் ஓடத் தொடங்கியது. அந்தப் பெயர் இங்கிலாந்தின் ரெட்டிச்சில் இருந்த காலத்தில் மோட்டார் சைக்கிளோடு புல்வெட்டும் மெஷினுக்கும் இருந்தது. புல்லட் பிரியர்களிடம் இதைச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். எனக்கென்னவோ வம்சம் ஊர் திரும்பியதாகத்தான் படுகிறது.

இந்த டூ ஸ்ட்ரோக் மெஷினில் ஆயிலுக்குத் தனித் தொட்டி கிடையாது. பெட்ரோலோடு கலந்து வரும் 2டி ஆயில்தான் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் ஒரே மசகு. மெஷினோடு வரும் புத்தகம் 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40. மூடியால் உத்தேசமாக ஊற்றுகிறவரை விட்டு நான் தள்ளி உட்கார்ந்துகொள்வேன். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் கலவை வேண்டாம். அந்தச் சின்ன எஞ்சினுக்கு 100 மில்லி ஆயில் போதும், ஒரு டீ கிளாஸ். புது மெஷினுக்கு முதல் பத்து மணி நேரத்தில் மாற்றிவிட வேண்டும். ஊற்றும்போது பொன்னாக இருந்தது, வடிக்கும்போது கருப்பட்டிப் பாகாக வரும்.

சீசன் முடிவில் செய்யும் வேலை இன்னும் நுட்பமானது. இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். ஈரம் மிகுந்தால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும். 2டி ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். எஞ்சின் உறிஞ்சுவதோ அடியிலிருந்து. அப்போது மசகே இல்லாமல் பிஸ்டன் ஓடும். என் வீட்டு மெஷினை ஒரு கோடை முழுக்க அரை டேங்கோடு மூலையில் சாத்தி வைத்தேன். ஐப்பசியில் எடுத்தால் கார்புரேட்டருக்குள் பிசின் மாதிரி ஒட்டிக் கிடந்தது. அன்று கயிறு இழுத்து இழுத்துத் தோள்பட்டை போனதுதான் மிச்சம்.

தெரிந்தவர்கள் சீசன் முடிந்ததும் டேங்க்கைக் கவிழ்த்து வடித்துவிட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்து, மிச்சம் இருப்பது தீரும்வரை சும்மா ஓடவிடுவார்கள். அதற்காகவே காத்திருப்பேன். அணையப் போகும் நொடியில் கலவையில் காற்று கூடி, எஞ்சின் திடீரென்று குரலை உயர்த்தும். ஒரே ஒரு கீச்சு. அப்புறம் கூட்டு ரோட்டில் பஸ் ஹாரன் கேட்கும்.