கொன்கோனி சோதனை: இதயத்துடிப்புக் கோடு உண்மையில் வளைகிறதா?

ரத்தம் எடுக்க வேண்டாம், முகமூடி மாட்ட வேண்டாம், ஆய்வகமே வேண்டாம். இதயத்துடிப்பை வைத்தே ஒருவர் எவ்வளவு வேகத்தை நீண்ட நேரம் தாக்குப்பிடிப்பார் என்று சொல்லிவிடலாம். 1982-ல் இத்தாலியின் ஃபெர்ராரா பல்கலைக்கழகத்து பிரான்செஸ்கோ கொன்கோனியும் குழுவினரும் வெளியிட்ட கட்டுரை கொடுத்த நம்பிக்கை இது. ஓட்டக்காரர்களிடம் செய்த ஆய்வுதான், ஆனால் சீக்கிரமே சைக்கிளுக்கும் வந்துவிட்டது.

செய்முறை எளிது. வேகத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள், துடிப்பைக் குறியுங்கள். கோடு நேராக ஏறும், ஓரிடத்தில் வளைந்து தணியும். அதுதான் லாக்டேட் குவியத் தொடங்கும் எல்லை என்றார்கள். 210 பேரை ஓடவைத்தார்கள். ரத்தப் பரிசோதனையோடு ஒப்பிட்டது பத்துப் பேரிடம் மட்டும். அங்கே கிடைத்த ஒட்டுறவு 0.99.

எனக்கு உறுத்துவது இந்த எண்தான். மெதுவாக ஓடுபவரும் மின்னலாக ஓடுபவரும் ஒரே கூட்டத்தில் இருந்தால், வேகத்தில் சொல்லப்படும் எந்த இரண்டு அளவும் சேர்ந்தே ஏறும். ஒட்டுறவு உயர்ந்திருப்பது வேறு, இரண்டும் ஒரே புள்ளியைக் காட்டுவது வேறு. 1997-ல் ஜோன்ஸும் டவுஸ்டும் சோதித்தபோது எல்லாருக்கும் அந்த வளைவு தெரியவில்லை. தெரிந்தவர்களிடமும் லாக்டேட் எல்லையைவிட அதிக வேகத்தில்தான் விழுந்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. முதல் செய்முறையில் ஒவ்வொரு படியும் 200 மீட்டர். மணிக்கு 12 கிலோமீட்டரில் ஓடினால் அதற்கு 60 வினாடி, 18-ல் 40 வினாடிதான். இதயமோ புது வேகத்துக்குப் பழகக் கொஞ்சம் நேரம் எடுக்கும். வேகம் ஏற ஏற அந்த அவகாசம் சுருங்கினால் துடிப்பு பின்தங்கத்தானே செய்யும்? வளைவை உடம்பு காட்டுகிறதா, செய்முறையே வரைந்து தருகிறதா என்ற சந்தேகம் வருது பாருங்க. 1996-ல் அவர்களே படிகளை நேரக்கணக்குக்கு மாற்றிக்கொண்டார்கள்.

மூச்சு இந்த விஷயத்தில் கொஞ்சம் நேர்மையானது. தசையில் அமிலம் கூடும்போது ரத்தத்தின் பைகார்பனேட் அதைச் சமன்செய்கிறது. கூடுதல் கார்பன் டை ஆக்சைடு பிறக்கிறது. அதை வெளியேற்ற மூச்சு வேகமெடுக்கிறது. வாஸர்மனும் மெக்கில்ராயும் 1964-லேயே பிடித்த நூல் இது. இங்கே ஒரு காரணம் இருக்கு. கொன்கோனி வளைவுக்கு அப்படி ஒன்றை என்னால் பார்க்க முடியவில்லை. அதற்காக மூச்சை அப்படியே நம்பிவிடவும் முடியாது. மெக்ஆர்டில் நோய் உள்ளவர்களின் தசை லாக்டேட்டை உண்டாக்குவதே இல்லை; ஆனாலும் கடும் உழைப்பில் அவர்களுக்கும் மூச்சு அதேபோல எகிறுகிறது என்று 1982-ல் ஹேக்பெர்க் குழு காட்டியது.

எல்லை என்பதே முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. 1988-ல் காயில் குழு, ஏறக்குறைய ஒரே அதிகபட்ச ஆக்சிஜன் அளவுள்ள 14 சைக்கிள் வீரர்களை அந்த அதிகபட்சத்தின் 88 சதவீதத்தில் மிதிக்க வைத்தது. லாக்டேட் எல்லை உயர்ந்தவர்கள் சராசரியாக 60.8 நிமிடம் தாங்கினார்கள், தாழ்ந்தவர்கள் 29.1 நிமிடம். ஆக, தேட வேண்டிய பொருள் சரிதான். தேடும் கருவிதான் சரியில்லை.

பிறகு ஏன் இவ்வளவு புகழ்? 1984 ஜனவரியில் மெக்சிகோ சிட்டியில் ஃபிரான்செஸ்கோ மோஸர் ஒரு மணி நேரத்தில் 50.808 கிலோமீட்டர், நாலு நாள் கழித்து 51.151 ஓட்டினார். 1972-ல் அதே நகரில் மெர்க்ஸ் வைத்த 49.431 உடைந்தது, பின்னால் நின்றவர் கொன்கோனி. ஆனால் அந்த முயற்சியில் தட்டுச் சக்கரங்கள் இருந்தன. ரத்தம் ஏற்றிக்கொண்டதையும் மோஸரே பின்னாளில் ஒப்புக்கொண்டார், அப்போது அதற்குத் தடை இல்லை. இத்தனையும் கலந்த சாதனையை ஒரு துடிப்புக் கோட்டுக்குச் சான்றாகக் காட்டுவது எனக்குப் பிடிபடவில்லை.

மார்புப் பட்டையைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. ஒரே ஆள், ஒரே ஏற்றம், ஒரே சக்தி. போன மாதத்தைவிடத் துடிப்பு குறைவு என்றால், வெயிலும் தாகமும் தூக்கமும் ஒத்திருந்தால், அது ஒரு தகவல். போட்டியில் அவர் எத்தனையாவதாக வருவார் என்று அதைக் கேட்காதீர்கள்.