கருவேலப் புகை

ஸ்காட்லாந்தின் ஐலா தீவு விஸ்கியில் ஏறும் பீட் என்கிற சதுப்புக் கரிப் புகைக்கு வாக்கப்பட்டவர்களோடு எனக்குத் தீராத வழக்கு உண்டு. அயோடின் நெடி மூக்கில் ஏறாவிட்டால் அவர்களுக்கு அது புகையே இல்லை. அரிசோனாவின் டூசான் நகரில், விஸ்கி டெல் பாக் டிஸ்டில்லரிக்குப் போய் அவர்களின் புகையேறிய விஸ்கியான டொராடோவை ஒரு மடக்கு குடித்துவிட்டு வரட்டும், பேசலாம்.

அதைத் தொடங்கிய ஸ்டீஃபன் பால் மர வேலைக்காரர். சொனோரன் பாலைவனத்து மெஸ்கீட் மரத்தில் மேசை, நாற்காலி செய்தவர். மிஞ்சிய துண்டுகளில் வீட்டில் இறைச்சி சுடுவார்கள். ஒருநாள் அடுப்புப் பக்கம் ஸ்காட்ச்சோடு நின்றபோது மனைவி எலெய்ன் கேட்டாராம், பீட் புகைக்குப் பதில் இந்தப் புகையில் பார்லியைக் காயவைத்தால் என்ன என்று. 2011-இல் தொழில் தொடங்கியாயிற்று. மெஸ்கீட் வேறு யாருமில்லை, நம் ராமநாதபுரத்துச் சீமைக் கருவேலத்தின் பங்காளிதான். நாம் வேரோடு பிடுங்கக் கோர்ட் வரை போனோம், அவர்கள் குடிக்கிறார்கள்.

புகையேறிய மால்ட் மணிகளை, அதாவது முளைகட்டிய பார்லியை, வாயில் போட்டுக் கடித்தால் முதலில் மொறுமொறுப்பு, அப்புறம் மெல்லிய இனிப்பு, கடைசியில்தான் விறகடுப்பு. டொராடோவிலும் அதே வரிசை. புகை எடுத்தவுடன் மேலே விழுவதில்லை. விழுங்கிய பிறகு தொண்டையிலிருந்து நிதானமாக எழுந்து வரும். ஆஸ்பத்திரி வாடை துளியும் கிடையாது. அதே ஆலையின் புகையில்லாத கிளாசிக் நல்ல சரக்கு, அவ்வளவுதான். பீப்பாய் காணாத ஓல்ட் பியூப்லோ முரட்டுப் பிள்ளை.

'இதற்கு வயது என்ன?' என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் இன்னொரு கட்சி. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் அது. அந்த வறட்சியில் பீப்பாயிலிருந்து ஆல்கஹாலைவிடத் தண்ணீர் வேகமாகப் போய்விடும். ஸ்காட்லாந்தில் கிடக்கக் கிடக்க வீரியம் இறங்கும், இங்கே ஏறும். 18 வருடம் போட்டுவைத்தால் மரக் கஷாயம்தான் மிஞ்சும்.

வயதைவிடக் கேட்க வேண்டிய கேள்வி, சரக்கு யாருடையது என்பது. அமெரிக்காவில் இன்று 'கிராஃப்ட்' என்று லேபிள் ஒட்டுகிறவர்களில் பலர், இந்தியானாவின் பெரிய ஆலையில் வாங்கிய சரக்கைப் பாட்டிலில் அடைத்து, பின்பக்கம் ஒரு பாட்டனார் கதையை அச்சடித்துவிடுகிறார்கள். அது போதாதென்று ஷெர்ரி, போர்ட், ரம் என்று கண்ட பீப்பாயிலும் ஊறப்போட்டு எடுக்கிறார்கள். மால்ட் எங்கே போயிற்று என்று நாக்கால் துழாவ வேண்டியிருக்கிறது.

டொராடோ 45 சதவீதம். சில துளி தண்ணீர் விட்டால் புகை முன்னே வரும். ஐஸ் போட்டுவிடாதீர்கள், படுத்துவிடும்.