பசுமை என்ற சொல்

‘பசுமைப் பட்டாசே வாங்குவோம்’. விருதுநகரில் பக்கத்து வீட்டு ஏழாம் வகுப்புப் பையனுக்குப் பேச்சுப் போட்டித் தலைப்பு. தீர்ப்பு தலைப்பிலேயே முடிந்துவிட்டது. எழுதித் தர மறுத்தேன். பாங்கிலிருந்து திரும்பியதும் சிவகாசிப் பட்டாசுப் பெட்டி ஒன்றை அவன்முன் வைத்து, எந்தச் சொல் உன்னை வாங்கச் சொல்கிறது என்று கேட்டேன். ‘பசுமை’ என்றான்.

வாணத்துக்குப் பச்சை நிறம் தருவது பேரியம். 2018-இல் உச்ச நீதிமன்றம் அதைத்தான் தடை செய்தது. ஆகப் பசுமைப் பட்டாசில் பேரியப் பச்சை இருக்கக் கூடாது! ‘நீரி’ ஆய்வகம் சொல்வது துகள் மாசு 30 சதவீதமாவது குறையும் என்பதே. மீதிப் புகையைச் சொல் மறைத்துவிடுகிறது.

நம் பள்ளிகள் கைதட்டல் வாங்கக் கற்றுத்தருகின்றன, பேச்சைப் பிரித்துப் பார்க்க அல்ல. நம் விமர்சகர்களில் பலர் அங்கே தேறியவர்கள்தாம்.

பையன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “திரி வைக்கிறது எங்கம்மா. அது இதுல எங்க மாமா இருக்கு?”

நான் அதுவரை சொற்களை மட்டுமே பார்த்திருந்தேன்.

போட்டிக்கு வேறு யாரோ எழுதிக் கொடுத்தார்கள்.