‘சுவர்களுக்கு இடையே’: ஒரு வகுப்பறைத் திரைப்படம்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தார் பிரெஞ்சு நாட்டை அறிந்திருப்பது கண்ணாடித் தொழிற்சாலையினாலும் ரெனோ கார்களினாலுமே. அந்நாட்டுப் பள்ளிக்கூடம் எத்தகையது என அறிய விழைவோர், 2024இல் மறைந்த லொரான் கான்தே இயக்கிய ‘சுவர்களுக்கு இடையே’ என்னும் பொருள்படும் படத்தைக் காண்பாராக. 2008இல் கான் விழாவின் தங்கப் பனை விருதைப் பெற்றது இது. மூலநாவலை எழுதியவரும் முன்னாள் ஆசிரியருமான பிரான்சுவா பெகோதோவே இதில் ஆசிரியராக நடிக்கிறார். மாணவராக வருவோரும் பாரிஸ் நகரத்துப் பள்ளிப் பிள்ளைகளே.

நம் ‘சாட்டை’ (2012) போன்ற படங்களில் நல்லாசிரியர் ஒருவர் வந்தால் பள்ளியே திருந்திவிடும். இங்கோ, நல்லெண்ணமுள்ள ஆசிரியரே சினத்தில் இரு மாணவியரை நோக்கி இழிசொல் ஒன்றைச் சொல்லிவிடுகிறார். மாலி நாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்த சுலைமான் வெகுண்டு, அவரை ‘நீ’ என்று ஒருமையில் விளிக்கிறான். ஆங்கில எழுத்துரையின் துணைகொண்டு பார்ப்போர்க்கு இதன் கடுமை விளங்காது. தமிழர்க்கு விளக்கவே வேண்டா. ஆசிரியர் மாணவனை ‘நீ’ எனலாம், மாணவன் ‘நீங்கள்’ என்றே சொல்லவேண்டும் என்னும் முறை நம் வகுப்பறைகளிலும் உள்ளதன்றோ? மரியாதை ஒருவழிப் பாதையாயிருப்பதையே இப்படம் சோதனைக்கு உட்படுத்துகிறது என்பது எம் கருத்து.

ஆசிரியர் முதலில் எழுதிய அறிக்கையில் தம் இழிசொல் இடம்பெறவில்லை. ஒழுங்கு விசாரணைக் குழுவிலோ, வழக்கில் ஒரு தரப்பாகிய அவரே தீர்ப்பளிப்போருள் ஒருவராகவும் அமர்ந்திருக்கிறார். பிரெஞ்சு அறியாத தாய்க்கு, குற்றஞ்சாட்டப்பட்ட மகனே மொழிபெயர்க்கிறான். தன்னைப் பற்றிய குற்றச்சாட்டைத் தன் வாயாலேயே தாய்க்குச் சொல்லவேண்டிய நிலை! ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆலை வேலைக்கு வந்தோரின் பிள்ளைகளுக்கு நம் வட்டாரத்தில் பாடம் சொல்லும் ஆசிரியர்கள் இக்காட்சியை இருமுறை காணுதல் நன்று. சுலைமான் பள்ளியிலிருந்து நீக்கப்படுகிறான். ஆசிரியருக்கு யாதொரு தண்டனையும் இல்லை.

ஆசிரியர் அறைக் காட்சிகள் சற்றே நீளம். காப்பி இயந்திரத்தைப் பற்றிய வாக்குவாதத்தைச் சுருக்கியிருக்கலாம்.

ஆண்டிறுதியில், அதுவரை நாம் கவனித்திராத மாணவி ஒருத்தி தனித்து வந்து, தான் ஒன்றுமே கற்கவில்லை என்கிறாள். தொழிற்கல்விப் பள்ளிக்குத் தன்னை அனுப்பிவிடுவார்களோ என்பது அவள் அச்சம். தொழிற்பயிற்சி நிலையத்தில் இடம் கிடைப்பதே பேறெனக் கருதும் நம் பெற்றோர்க்கு அவ்வச்சம் விந்தையாகத் தோன்றலாம். அதெல்லாம் இன்னும் முடிவாகவில்லை என்கிறார் ஆசிரியர்.