தியாகக் கதையால் களைப்பு தீருமா?

தேனியில் ஒரு நிறுவனம் தன் மேற்பார்வையாளர்களுக்கு நடத்திய பயிற்சி வகுப்பில் அண்மையில் உட்கார்ந்திருந்தேன். ஆட்கள் நிலைப்பதில்லை, இருப்பவர்களும் சோர்ந்துபோகிறார்கள், என்ன செய்யலாம் என்பதே அன்றைய பேச்சு. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக்கின் கதையைப் பயிற்சியாளர் எடுத்தார். கட்டிய அணையை வெள்ளம் அடித்துப்போனது, அரசு கைவிட்டது, மனிதர் சொத்தை விற்றுக் கட்டி முடித்தார். தலைவன் இப்படி இருந்தால் ஆட்களுக்குக் களைப்பே வராது என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. என்னால் கைதட்ட முடியவில்லை.

பென்னிகுவிக் மீது எனக்குக் குறையில்லை. எங்கள் வீட்டுக் கூடத்திலும் அவர் படம் உண்டு. அவர் பிறந்த ஜனவரி 15 அன்று பாலார்பட்டியில் பொங்கும் பொங்கலும், 2013இல் திறந்த லோயர் கேம்ப் மணிமண்டபமும், தேனிப் பேருந்து நிலையத்தின் பெயரும் இந்த மண் மனதாரச் செலுத்தும் நன்றி. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோகத்துக்கு ஆதாரம் அந்த அணையின் தண்ணீர்தான். தலைவர் களத்தில் கூடவே நின்றால் ஆட்களுக்குத் தெம்பு வரும் என்பதும் மெய். இதையெல்லாம் ஒப்புக்கொண்டுதான் என் நெடுநாள் மறுப்பைச் சொல்கிறேன்: தலைவரின் தியாகத்தைக் களைப்புக்கு மருந்தாகக் கொடுக்கும் வழக்கம் தவறு.

பென்னிகுவிக் சொத்தை விற்றதற்கு ஆவணச் சான்று கிடைத்ததில்லை. என் வாதம் அதைப் பற்றியதில்லை. விற்றிருந்தார் என்றே கொள்வோம். கதை யாரை விட்டுவிடுகிறது என்று பாருங்கள். 1887 முதல் 1895 வரை நடந்த வேலையில் நோயால் மாண்டவர்கள் 483 பேர் என்று கணக்கு இருக்கிறது. அணைக்கு அருகிலேயே அவர்களைப் புதைத்த இடமும் இருக்கிறது. சாராயம் இல்லையென்றால் அணை முடிந்தே இருக்காது என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள். காய்ச்சலோடு கல்லும் சுண்ணாம்பும் சுமந்தவர்களை நிமிர்த்தி வைத்தது எதுவென்று அந்த ஒரு வரி சொல்லிவிடுகிறது. அதிகாரி எவ்வளவு இழந்திருந்தாலும் அது கூலியாளின் காய்ச்சலைத் தணித்திருக்காது.

அன்றைக்கு ஒரு நியாயம் உண்டு. அந்த மலேரியாக் காய்ச்சல் கொசுவால் பரவுகிறது என்று ரொனால்ட் ராஸ் கண்டது 1897இல். அணை முடிந்து இரண்டு ஆண்டு கழித்து. காரணம் தெரியாமல் தவித்த காலம் அது. இன்று களைப்பின் காரணம் நமக்குத் தெரியும். 2019இல் உலக சுகாதார நிறுவனம் பணிச்சோர்வை வரையறுத்தபோது, சரிவரக் கையாளாமல் விட்ட நீண்டகாலப் பணி அழுத்தத்தின் விளைவு என்று எழுதியது. இதை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த கிறிஸ்டினா மாஸ்லாக், வேலைப்பளு, தன் வேலை மீதான பிடி, உழைப்புக்கேற்ற பலன், சக ஊழியர் உறவு, நியாயம், மதிப்பீடுகள் என ஆறு இடங்களைக் காட்டினார். ஆறும் வேலையை அமைக்கும் விதத்தில் இருக்கின்றன. ஆறையும் மாற்றும் அதிகாரம் தலைவர் கையில் இருக்கிறது.

தியாகக் கதை அந்தக் கடமையிலிருந்து தலைவரை விடுவித்துவிடுகிறது. அதைவிடக் கொடுமை, அது ஊழியர் தலையில் கடனை ஏற்றுகிறது. அவரே இவ்வளவு இழந்தார், நீ ஒரு ஞாயிற்றுக்கிழமையை விடக் கூடாதா என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் வாரம் 90 மணி நேர உழைப்பைப் பற்றிப் பேசியபோதும் தானே ஞாயிறு வேலை செய்வதைத்தான் எடுத்துக்காட்டினார். இரவு பத்து மணிவரை தலைவர் நாற்காலியை விட்டு எழாத அலுவலகத்தில் ஆறு மணிக்குப் பையை எடுக்க யாருக்குத் துணிவு வரும்? அவருடைய உழைப்பு அங்கே மற்றவர்களின் ஓய்வைக் குற்றமாக்கிவிடுகிறது.

நம் ஊரிலேயே பாருங்கள். விடியுமுன் எழுந்து சோறாக்கி, தூக்குவாளியோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள் எத்தனையோ பெண்கள். செடியின் தூரில் காய்க்கும் காயைக் குனிந்தே எடுக்க வேண்டும். மலை ஏறி இறங்கும் நேரத்துக்குக் கூலி கிடையாது. கங்காணி எவ்வளவு நல்லவராக இருந்தாலும், தானும் வெயிலில் நின்றாலும், அந்த இடுப்பு வலி குறையாது. ஜீப்பில் ஆளைக் குறைத்தால் குறையும். பயண நேரத்தையும் வேலை நேரமாக எண்ணினால் குறையும்.

மாற்றம் எப்படி வரும் என்பதற்கும் சான்று உண்டு. நாள் முழுக்க நின்று கால் வீங்கிய கடைப் பெண்களுக்காக 2021இல் தமிழ்நாடு அரசு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்றது. எத்தனையோ முதலாளிகளின் நல்ல மனம் கொடுக்காத உட்காரும் உரிமையைச் சட்டத்தின் ஒரு பிரிவு கொடுத்தது. நாற்காலி போடுவது, ஆள் சேர்ப்பது, விடுப்பைக் கேட்காமலே கொடுப்பது, முடியாத இலக்கை மேலிடத்தில் மறுத்துச் சொல்வது: தலைவரின் வேலை இவைதான். இவற்றைச் செய்ய யாரும் வீட்டை விற்க வேண்டியதில்லை.

அன்றைய வகுப்பில் தேநீர் இடைவேளையின்போது ஒரு மேற்பார்வையாளர் அம்மா என்னிடம் மெல்லச் சொன்னார்: “ஆறு பேரு பாக்குற வேலய நாலு பேரு பாக்குறோம்ணே. அந்த ரெண்டு ஆளப் போட்டாப் போதும்.” உள்ளே திரும்பிப்போனபோது இரண்டாம் பகுதி தொடங்கியிருந்தது. அந்த இரண்டு ஆட்களைப் பற்றி மாலைவரை யாரும் பேசவில்லை.