தையலுக்கு மேல் வெந்நீர்

பாறசாலைப் பக்கத்தில் எங்கள் வீட்டு அடுக்களைக்குப் பின்னால் மூன்று கல் கூட்டிய அடுப்பு ஒன்று உண்டு. பேறுகாலம் வந்தால்தான் அதில் தீ எரியும். அண்டா நிறையக் கிணற்று வெள்ளம். அதில் பலா இலை, புளியிலை, நொச்சி, ஆமணக்கு இலை, அங்காடி மருந்துக் கடையில் வாங்கிய நால்பாமரப் பட்டை. கொதித்து இறக்கும்போது நீர் கட்டன் காப்பியின் நிறத்தில் இருக்கும். என் முதல் பிள்ளை பிறந்த பன்னிரண்டாம் நாள் என்னைக் குளிப்பாட்ட வந்த அக்கா காயத்தைப் பற்றிக் கேட்டது ஒரே கேள்விதான். "தையல் பிரிச்சாச்சா மோளே?" ஆச்சு என்றேன். அறுவை சிகிச்சையைப் பற்றி அந்த வீட்டில் நடந்த பேச்சு அவ்வளவே. செம்பில் மொண்டு அடிவயிற்றில் ஓங்கி வீசினார். எனக்குச் சூடு தெரியவில்லை. மறுநாள் தையலுக்கு மேலே இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் பொங்கியிருந்தது.

சூடு ஏன் தெரியவில்லை என்பது நெடுநாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. அன்று முதல் இந்தப் பழக்கத்தை நான் விட்டுக்கொடுக்கவும் முடியாமல் அப்படியே ஏற்கவும் முடியாமல் இருக்கிறேன்.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு அடுப்பைப் பிரிக்கவில்லை. இஞ்சிவிளையிலும் களியக்காவிளையிலும், பனச்சமூட்டுச் சந்தையின் இரண்டு பக்கத்திலும் பெற்றவளுக்குச் செய்வது ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு வீட்டில் பிரசவரட்சை என்பார்கள், அடுத்த வீட்டில் பேறுகால மருந்து என்பார்கள். தன்வந்தரம் குழம்பு தேய்த்து (குழம்பு என்றால் இங்கே எண்ணெய்) வேது வெள்ளத்தில் (இலையிட்டுக் கொதித்த நீரில்) குளிப்பாட்டுவது, வேட்டித் துணியால் வயிற்றை இறுக்கிக் கட்டுவது, தசமூலாரிஷ்டமும் ஜீரகாரிஷ்டமும் கொடுப்பது, உலுவா என்கிற வெந்தயக் கஞ்சி, உள்ளி லேகியம், கோழி மருந்து. நாற்பது நாள் என்பவர்களும் உண்டு, ஐம்பத்தாறு என்பவர்களும் உண்டு. வசதியான வீடுகளில் தொண்ணூறு. பிரசவத்துக்கு நெய்யாற்றின்கரைக்குப் போகலாம், பாறசாலைத் தாலுகா ஆஸ்பத்திரிக்கோ காரக்கோணம் மருத்துவக் கல்லூரிக்கோ போகலாம், சிக்கலானால் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரி; எல்லைக்கோட்டைத் தாண்டினால் குழித்துறை, மார்த்தாண்டம், நெய்யூர். எங்கே பெற்றாலும் திரும்பி வருவது அந்த அண்டாவிடம்தான்.

இந்தப் பழக்கத்தின் வேர் வயிற்றைக் கீறாமல் பெற்ற பெண்ணிடம் இருக்கிறது. வாக்பட்டரின் அஷ்டாங்க ஹிருதயம் பெற்றவளுக்கு ஒன்றரை மாதம் கட்டுப்பாடு சொல்கிறது. இன்றைய மருத்துவம் சொல்லும் ஆறு வாரத்துக்கும் அதற்கும் மூன்று நாள்தான் வித்தியாசம். அந்தக் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது. பெற்ற வயிற்றில் நெய்யும் எண்ணெயும் பூசிப் பெரிய துணியால் சுற்றச் சொல்கிறது சரக சம்ஹிதை. காலியான இடத்தில் வாயு புகுந்துவிடக் கூடாது என்பது அதன் காரணம். வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுப்பதைச் சுசுருத சம்ஹிதையும் பேசுகிறது, ஆனால் தாய் இறந்துபோய்ப் பிள்ளை வயிற்றுக்குள் அசைகிறபோது செய்வதாக. கீறப்பட்டுப் பிழைத்து வீட்டுக்கு வருகிறவளுக்கு அந்த நூல்களில் இடமில்லை. நூலாசிரியர்களின் குறை அன்று. அப்படி ஒருத்தி அன்று இருந்திருக்கவில்லை.

திருவிதாங்கூரில் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் 1920இல் செய்ததுதான் கேரளத்தின் முதல் சிசேரியன் என்று சொல்லப்படுகிறது. என் அம்மச்சியின் காலத்தில் 'கீறி எடுத்தது' என்றால் ஊரே கூடிப் பேசும் செய்தி. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் கேரளத்தின் சிசேரியன் விகிதம் 38.9 சதவீதம், தமிழ்நாட்டில் 44.9. இந்தியா முழுவதற்கும் 21.5. எல்லையின் எந்தப் பக்கம் எடுத்தாலும் பத்தில் நான்கு பேர். அந்த அறுவைகளில் எத்தனை தேவையானவை என்பது வேறு வழக்கு, அதை இங்கே தொடவில்லை. நூறு வருடத்துக்குள் பெற்ற உடம்பே மாறிவிட்டது. அதற்குச் செய்யும் சுச்ரூஷை மாறவில்லை. கேட்கும் கேள்வி மட்டும் ஒன்று கூடியது: தையல் பிரிச்சாச்சா?

தையல் பிரிப்பதை முடிவாக எண்ணுவதில்தான் முதல் பிழை. கத்தி தோலையும் கொழுப்பையும் கடந்து, வயிற்றுத் தசையைப் போர்த்தியிருக்கும் உறையை வெட்டுகிறது. தசை பெரும்பாலும் வெட்டப்படுவதில்லை, நடுவே விலக்கப்படுகிறது. பிறகு உள்சவ்வு, கடைசியாகக் கருப்பை. வெளியே தெரிவது ஒரு சாணுக்கும் குறைவான கோடு. மேல்தோல் இரண்டு நாளில் ஒட்டிவிடும். அடியில் இருப்பதற்கு அந்த அவசரம் கிடையாது. மூன்றாம் வாரத்தில் காயத்தோலுக்குப் பழைய உறுதியில் ஐந்தில் ஒரு பங்குதான் வந்திருக்கும். மூன்று மாதத்தில் ஐந்தில் நான்கு. முழுதும் ஒருபோதும் திரும்பாது. தழும்பு சிவந்து தடித்துப் பிறகு வெளுத்துத் தணிய ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும். பன்னிரண்டாம் நாள் வெந்நீர் விழுந்தது இன்னும் ஆறிக்கொண்டிருந்த இடத்தில்.

இனிச் சூட்டுக்கு வருகிறேன். அடிவயிற்றின் குறுக்கே கீறும்போது தோலுக்கு உணர்வு தரும் மெல்லிய நரம்புகளும் அறுபடுகின்றன. கோட்டைச் சுற்றி, குறிப்பாக அதற்கு மேலே, தோல் மரத்துப்போகிறது. சிலருக்கு மாதங்களில் சரியாகும், சிலருக்கு வருடங்கள் ஆனாலும் ஓர் ஓரத்தில் மரப்பு நிற்கும். "சூடு பொறுக்கலாமா?" என்று கேட்டுத்தான் ஊற்றுகிறார்கள், குளிக்கிறவளும் உண்மையாகத்தான் "பொறுக்கலாம்" என்கிறாள். பதில் சொல்ல வேண்டிய தோல்தான் பேசுவதில்லை. சுகப்பிரசவத்தில் இந்தக் கேள்வி நல்ல பாதுகாப்பு. சிசேரியனில் அதுவே ஏமாற்றிவிடுகிறது. என்னைக் குளிப்பாட்டிய அக்கா கவனக்குறைவானவர் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஊரில் அவரைவிட நிதானமான கை கிடையாது. நாற்பது வருட அனுபவம் அவருக்குக் கற்றுத்தந்த சோதனை என் உடம்பில் செல்லுபடியாகவில்லை, அவ்வளவுதான்.

கால் தடவுவதில் இதைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது, அதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. பிரசவத்தை ஒட்டிய வாரங்களில் இரத்தம் எளிதில் உறையும். அறுவை நடந்தவளுக்கு அது இன்னும் கூடுதல். ஆஸ்பத்திரியில் முதல் நாளே எழுந்து நடக்கச் சொல்வது இதற்காகத்தான். வீட்டிலோ "அனங்காம படு" என்கிறார்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச் சதை வலிக்கிறது என்றால், எண்ணெய் சூடாக்கி அழுத்தி நீவுவதுதான் பழக்கத்தின் முதல் மருந்து. உள்ளே இரத்தக்கட்டி இருந்தால் அந்த நீவல் அதை நுரையீரலுக்கு அனுப்பிவிடக்கூடும். ஒற்றைக்கால் வீக்கத்தில் கை வைக்கக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்ற ஒரு செய்தி குளிப்பாட்டும் பெண்கள் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தால் போதும், இந்தக் கட்டுரையின் மற்ற வரிகளை மறந்துவிடலாம்.

உணவில் உள்ள குறைகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். "வெள்ளம் குடிச்சா வயறு சாடும்" (வயிறு முன்தள்ளும்), "பருப்பு தின்னா தையல் பழுக்கும்" என்று தடுக்கும் வீடுகள் இன்னும் உண்டு. தண்ணீர் குறைந்தால் மலம் கட்டும், முக்கினால் தையல்தான் நோகும். காயம் ஆறப் புரதம் வேண்டும்; பருப்பையும் மீனையும் விலக்கிவிட்டு வெறும் கஞ்சியில் சதை வளராது. நல்லவேளை, பொழியூர் முதல் கொல்லங்கோடு வரை உள்ள கடற்கரை வீடுகளில் மீன் விலக்கு அதிகம் எடுபடுவதில்லை. லேகியங்களில் கருப்பட்டியும் சர்க்கரையும் ஏராளம். கர்ப்பகாலத்தில் சர்க்கரை நோய் வந்தவளுக்கும் அதே கரண்டி அளவுதான். அரிஷ்டம் புளிக்கவைத்த மருந்து, தானாக ஊறிய சாராயச் சத்து அதில் உண்டு. பாலூட்டுகிறவள் மருத்துவரைக் கேட்டே குடிக்க வேண்டும்.

வயிற்றுக் கட்டைப் பற்றி அவசரத் தீர்ப்பு வேண்டாம். இப்போது ஆஸ்பத்திரிகளே பட்டை தருகின்றன. எழும்போதும் இருமும்போதும் அது தாங்கலாக இருக்கிறது, வலி குறைகிறது. அதனால் வயிறு உள்ளே போகும் என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை. மூச்சு முட்ட இறுக்கினால் அழுத்தம் கீழே இறங்குகிறது. ஏற்கெனவே தளர்ந்திருக்கும் அடித்தசைகள் அதைச் சுமக்க வேண்டும். ஈரம் போகாமல் கட்டினால் தையல் நனைந்தே கிடக்கும். ஆக, தாங்குவதற்குக் கட்டலாம், வயிற்றை ஒடுக்குவதற்காகக் கட்டக் கூடாது.

இவ்வளவு சொன்ன பிறகும் இந்தப் பழக்கம் ஒழியட்டும் என்று என்னால் எழுத முடியாது. அறுவைக்குப் பிறகு படுக்கையிலிருந்து எழுவது எப்படி என்று எனக்குக் கற்றுத்தந்தவர் அந்த அக்காதான். மல்லாந்து கிடந்து நேரே எழாதே, பக்கவாட்டில் திரும்பு, காலைத் தொங்கவிடு, கையை ஊன்று, என் தோளைப் பிடி. டிஸ்சார்ஜ் சீட்டில் ஆறு மாத்திரைகளின் பெயர் இருந்தது, இது இல்லை. தினம் ஒரு மணி நேரம் என் உடம்பை ஒருவர் முழுதாகப் பார்த்தார். முதுகில், இடுப்பில், பாலூறிக் கல்லாகிப்போன மார்பில் அவர் கை பட்டது. பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் நூறு பேர். என்னைப் பார்க்க வந்தவர் அவர் ஒருவர். தையலின் ஓரத்தில் நீர் கசிந்ததையும், இரவில் நான் காரணமில்லாமல் அழுததையும் முதலில் கண்டவரும் அவரே. காயம் ஆற வேண்டியவை ஓய்வு, உணவு, கண்காணிப்பு, பாரம் தூக்காமை. இந்த நான்கையும் நாற்பது நாள் தொடர்ந்து தருகிற வேறு ஏற்பாடு எங்கள் ஊரில் இன்றுவரை கிடையாது.

அரசின் ஏற்பாட்டையும் பார்க்கலாம். 2011இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் சிசேரியன் ஆனவளுக்கு ஏழு நாள் வரை இலவச உணவு. அதன் பிறகு ஆஷா என்ற ஊர்ச் சுகாதாரப் பணியாளர் 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீட்டுக்கு வர வேண்டும். இந்த வருகைத் திட்டம் நல்லதுதான், ஆனால் அதன் பெயரே 'பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு'. எடை பார்ப்பதும் காய்ச்சல் பார்ப்பதும் பிள்ளைக்குத்தான் முதலில். தழும்பு யாருடைய பட்டியலிலும் இல்லை. எனக்கு அறுவை செய்த இடத்தில் "எண்ணெய் வேண்டாம், நாட்டுமருந்து வேண்டாம்" என்று ஒரே வரியில் விலக்கினார்கள். எதற்காக வேண்டாம், எத்தனை நாள் வேண்டாம், முதுகில் தேய்க்கலாமா, எதுவும் சொல்லவில்லை. முழுவதையும் விலக்கிய வார்த்தையை வீடு முழுவதுமாகத் தள்ளிவிட்டது. "சூட்டில் கால் பங்கு குறை, தையலில் ஊற்றாதே" என்று சொல்லியிருந்தால் என் அம்மை கேட்டிருப்பார்.

சொல்லாமல் விட்டவை இன்னும் பல. தழும்பு கோட்டுக்குள்ளேயே தடித்தால் பெரும்பாலும் காலத்தில் தணியும். கோட்டைத் தாண்டிப் பரவினால் அது கீலாய்டு, நம்மைப் போன்ற கருத்த தோலில் கூடுதலாக வருவது, தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டியது. காயம் நன்றாக மூடிய பின் சிலிக்கான் ஒட்டுப்படலம் உதவும். ஆறு வாரம் கழித்து, தழும்பை விரலால் மெல்ல அசைத்து நீவினால் அடியில் ஒட்டிக்கொண்டது இளகும். இங்கேதான் வருத்தம் அதிகமாகிறது: கை வேண்டாத நாளில் கை வைக்கிறோம், கை வேண்டிய நாளில் நாற்பது முடிந்து அந்தக் கை வேறு வீட்டுக்குப் போய்விடுகிறது. மாதவிலக்கு நாளில் தழும்பில் கட்டிபோல வலித்தால் கருப்பைத் திசு அங்கே படிந்திருக்கலாம். கருப்பையின் தழும்போ எவர் கண்ணிலும் படாது. 'நாற்பது முடிந்தது, உடம்பு பழையபடி ஆச்சு' என்று அனுப்பிவைக்கப்படுகிறவளுக்கு அடுத்த கர்ப்பத்துக்கு இரண்டு வருடமாவது இடைவெளி வேண்டும். ஒவ்வொரு சிசேரியனும் அடுத்த நஞ்சுக்கொடி அந்தத் தழும்பில் புதைந்து பிடிக்கும் ஆபத்தைக் கூட்டுகிறது.

எல்லோருக்கும் இந்த நாற்பது நாள் வாய்க்கவும் இல்லை. பாலராமபுரத்துக் குழித்தறியில் உட்காருகிறவள், வெள்ளறடை மேட்டில் ரப்பர் வெட்டப் போகிறவள், பொழியூரில் மீன் சருவம் தலையில் ஏற்றுகிறவள், மூவரும் வயிற்றுத் தசையால் பிழைக்கிறவர்கள். அவர்கள் வீட்டில் பேறுகால மருந்து என்பது ஓர் அரிஷ்டக் குப்பியாகச் சுருங்கிவிடுகிறது. காசுள்ள வீடுகளுக்குப் பெட்டியில் அடைத்த பிரசவரட்சை மருந்துகளும், ஆள் அனுப்பும் நிலையங்களும் வந்துவிட்டன. விலைக்கு வந்ததெல்லாம் எண்ணெயும் லேகியமும். என் கணக்கில் இந்தப் பழக்கத்தின் மருந்து பாதியைவிடக் கை பாதிக்குத்தான் மதிப்பு அதிகம், அதுதான் குறைந்துகொண்டே வருகிறது. குளிப்பாட்டும் பெண்களுக்குத் தாலுகா ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் பயிற்சி தரலாம். மேரி புன்னன் லூக்கோஸின் காலத்துத் திருவிதாங்கூரில் தைக்காட்டு ஆஸ்பத்திரியில் பேறு பார்க்கப் பயிற்சி தர முடிந்ததே.

மூன்று வருடம் கழித்து என் தங்கைக்கும் சிசேரியன். அதே அக்கா வந்தார். அண்டாவும் கொதித்தது. என் தோல் பொங்கியதையும் மரத்துப்போன இடத்தையும் பற்றி நான் இடையில் ஒருநாள் அவரிடம் சொல்லியிருந்தேன். அவர் அப்போது ஒன்றும் பேசவில்லை. இப்போது செம்பைக் கீழே வைத்துவிட்டுத் தங்கையின் அடிவயிற்றில் விரல் நுனியால் மேலிருந்து கீழாகத் தொட்டுக்கொண்டே வந்தார்.

"எங்க தொட்டா தெரியல்லன்னு சொல்லு மோளே."

தங்கை சொன்னாள். அக்கா அந்த இடத்தை ஒரு மடித்த துவர்த்தால் மூடிவிட்டு, நீரைத் தன் முழங்கையில் ஊற்றிப் பார்த்தார்.