ஒரு பழமும் ஒரு சொல்லும்

ஆராய்ச்சி என்ற சொல்லுக்கு நம்மிடையே மதிப்பு அதிகம், அர்த்தம் குறைவு. அடிக்குறிப்பு நிறைய இருந்தால் ஆராய்ச்சி, பட்டம் வாங்கித் தந்தால் ஆராய்ச்சி என்று பலரும் திருப்திப்பட்டுவிடுகிறார்கள். போதாததற்கு அதைக் கூறு போட்டும் வைத்திருக்கிறோம். சரித்திர ஆராய்ச்சி ஒரு தெரு, வைத்திய ஆராய்ச்சி வேறு தெரு, விஞ்ஞான ஆராய்ச்சி ஊருக்கு வெளியே மதில் கட்டிய தனி வளாகம். ஒரு தெருக்காரர் இன்னொரு தெருவில் தலை காட்டுவதில்லை. இந்தப் பிரிவினை எவ்வளவு நஷ்டம் விளைவிக்கும் என்பதற்கு ஒரே ஒரு வியாதியின் கதை போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஸ்கர்வி என்ற வியாதி கப்பற்காரர்களின் வியாதி. கரையைவிட்டுக் கிளம்பி இரண்டு மூன்று மாதம் ஆனதும் ஈறு வீங்கும், ரத்தம் கசியும், பற்கள் ஆடி விழும், கால்களில் கரும்புள்ளிகள் தோன்றும், எழுந்து நின்றவன் அப்படியே செத்து விழுவான். ஆறிப்போன பழைய புண்கூடத் திறந்துகொள்ளும். 1740-ல் இங்கிலாந்திலிருந்து ஆறு போர்க்கப்பல்களோடு புறப்பட்ட ஆன்ஸன் 1744-ல் உலகைச் சுற்றிக்கொண்டு திரும்பியபோது மிஞ்சியது ஒரு கப்பல். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டிருந்தார்கள். எதிரியின் குண்டுக்குப் பலியானவர்கள் வெகு சிலர். வியாதிக்குப் பலியானவர்களே அநேகமாக எல்லாரும்.

அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பிறகுதான் ஜேம்ஸ் லிண்ட் வருகிறார். 1747-ஆம் ஆண்டு மே மாதம் 20-ந் தேதி, ஸாலிஸ்பரி என்ற கப்பலில், ஸ்கர்வி கண்ட பன்னிரண்டு பேரை அவர் தேர்ந்தெடுத்தார். எல்லாருக்கும் ஒரே இடம், ஒரே சாப்பாடு. இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒரு ஜோடிக்கு ஆப்பிள் மது, ஒரு ஜோடிக்குக் கந்தகத் திராவகம் சேர்ந்த மருந்து, ஒரு ஜோடிக்குக் காடி, ஒரு ஜோடிக்குக் கடல் நீர், ஒரு ஜோடிக்குப் பூண்டும் கடுகும் சேர்த்த லேகியம் என்று கொடுத்தார். ஆறாவது ஜோடிக்குத் தினம் இரண்டு ஆரஞ்சும் ஒரு லெமனும். ஆறு நாளில் பழம் தீர்ந்துபோயிற்று. ஆனால் அதற்குள் அந்த இருவரில் ஒருவன் வேலைக்குத் தயாராகிவிட்டான். மற்றவன் மீதி நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் அளவுக்குத் தேறிவிட்டான்.

இவ்வளவும் பாடப்புத்தகத்தில் வருகிற கதை. லிண்ட் பழத்தைக் கண்டுபிடித்தார், வியாதி ஒழிந்தது, சுபம். ஆனால் 1753-ல் அவர் வெளியிட்ட புஸ்தகத்தைப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது. நானூறு பக்கத்துக்கு மேற்பட்ட நூலில் இந்தப் பரிசோதனை சில பாராக்கள்தான். ஈரக்காற்றினால் வியர்வை அடைபட்டு வியாதி வருகிறது என்ற தம் கொள்கையைத்தான் அவர் நெடுக விஸ்தரிக்கிறார். கப்பலில் பழம் கெட்டுப்போகுமே என்று, சாற்றை மணிக்கணக்காகச் சூடாக்கிப் பாகாக வற்றவைத்துப் புட்டியில் அடைக்க ஒரு முறையும் சொல்லித் தருகிறார். அந்தச் சூட்டிலேயே மருந்தின் வீரியத்தில் பெரும்பகுதி போய்விட்டது. கையில் கிடைத்ததை அவரே அடுப்பில் போட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இந்த லிண்டைத்தான் பிடித்திருக்கிறது. பாடப்புத்தக லிண்டுக்கு உயிர் இல்லை. தம் கண்ணால் கண்டதைத் தம் கொள்கைக்குள் அடக்க முடியாமல் தடுமாறுகிற லிண்ட் உயிருள்ள மனிதர். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவருடைய நூலின் மூன்றாம் பகுதி, தமக்கு முன்னால் இந்த வியாதியைப் பற்றி எழுதியவர்கள் அத்தனை பேரையும் கால வரிசைப்படி எடுத்துப் பரிசீலிக்கிறது. அதாவது வைத்தியரே சரித்திரக்காரராகவும் வேலை செய்திருக்கிறார். நம்மவர்கள் லிண்டைப் பற்றி எழுதும்போது இந்தப் பகுதியைச் சொல்வதே இல்லை.

சொல்லாததற்குக் காரணம் உண்டு. பழத்தின் குணம் லிண்டுக்கு முன்பே தெரிந்த சங்கதி என்பது அதனால் வெளிப்பட்டுவிடும். 1601-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் பயணத்தில் ஜேம்ஸ் லங்காஸ்டர் தம் கப்பலில் லெமன் சாறு கொண்டுபோய் ஆட்களைக் காப்பாற்றினார். 1617-ல் ஜான் உட்டால் கப்பல் வைத்தியர்களுக்கு எழுதிய கைநூலில் அதைச் சிபாரிசு செய்தார். அறிந்தது மறந்தது, மறந்ததை மீண்டும் அறிந்தார்கள். பிரிட்டிஷ் கடற்படை லெமன் சாற்றை முறையாக வழங்கத் தொடங்கியதோ 1795-ல்தான். லிண்ட் அதற்கு முந்தின ஆண்டே காலமாகிவிட்டார்.

இனிமேல்தான் கதையின் முக்கியமான பகுதி. ஆங்கிலேயர்கள் அந்தக் காலத்தில் லெமன், லைம் என்ற இரண்டு சொற்களையும் வித்தியாசமில்லாமல் புழங்கினார்கள். மத்தியதரைக் கடல் பக்கத்து லெமனின் சாற்றுக்கும் கப்பலில் 'லைம் ஜூஸ்' என்றே பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மத்தியில் கடற்படை, பழைய லெமனை விட்டுவிட்டு மேற்கிந்தியத் தீவுகளில் விளைந்த உண்மையான லைமை வாங்கத் தொடங்கியது. புட்டியில் இருந்த சரக்கு மாறிவிட்டது, பெயர் மாறவில்லை. பெயர் மாறாததால் யாரும் கவனிக்கவில்லை. அதற்குள் நீராவிக் கப்பல்கள் வந்து பயணம் சுருங்கிவிட்டதால் புதிய சாற்றின் பலவீனமும் வெளியே தெரியவில்லை.

1875-ல் நேர்ஸ் என்ற தளபதியின் கீழ் வடதுருவப் பக்கம் போன குழுவில் ஸ்கர்வி பலமாகத் தாக்கிற்று. சாறு இருந்தும் வியாதி வந்ததே என்று வைத்தியர்களுக்குச் சாற்றின் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. டப்பா மாமிசம் கெட்டு விஷமாவதுதான் வியாதிக்குக் காரணம் என்று ஒரு புதிய கொள்கை கிளம்பிற்று. 1901-ல் ஸ்காட் தென்துருவத்தை நோக்கிப் போனபோது அந்தக் கொள்கையைத்தான் உடன் கொண்டுபோனார். அவருடைய ஆட்களையும் ஸ்கர்வி பிடித்தது.

முடிச்சை அவிழ்த்தது எப்படி? 1907-ல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர் வேறொரு வியாதியை ஆராயும் நோக்கத்தோடு கினிப்பன்றிகளுக்குத் தானியம் மட்டும் கொடுத்து வளர்க்க, அவற்றுக்கு ஸ்கர்வி வந்தது. எலியை வைத்துச் செய்திருந்தால் வந்திருக்காது; எலி தனக்கு வேண்டிய அந்தச் சத்தைத் தன் உடம்பிலேயே தயாரித்துக்கொள்கிறது. 1918-ல் லண்டன் லிஸ்டர் ஆராய்ச்சிக் கழகத்தில் ஹாரியட் சிக், மார்கரெட் ஹியூம், ரூத் ஸ்கெல்டன் என்ற மூன்று பெண்கள் பிராணிகளைக் கொண்டு இரண்டு சாறுகளையும் ஒப்பிட்டார்கள். லைமுக்கு லெமனின் வீரியத்தில் சுமார் கால் பங்குதான் தேறிற்று.

சோதனைச் சாலை இந்த இடத்தில் வழிமுட்டி நிற்கிறது. லைம் பலவீனமானது என்றால், நெப்போலியன் காலத்துக் கடற்படையை 'லைம் ஜூஸ்' எப்படிக் காப்பாற்றியது? இதற்குக் கினிப்பன்றி பதில் சொல்லாது. 1919-ல் ஆலிஸ் ஹெண்டர்ஸன் ஸ்மித் என்ற பெண்மணி பழைய ஆவணங்களைப் புரட்டி, அந்தச் சாறு எந்தப் பழத்தினுடையது, எந்த நாட்டிலிருந்து வந்தது என்று விசாரித்து எழுதினார். வியாதியைத் தடுத்த காலத்தில் புட்டியில் இருந்தது லெமன், தடுக்காத காலத்தில் இருந்தது லைம் என்று தெரிந்தது. வைட்டமின் ஸியைத் தனியாகப் பிரித்து இன்னதென்று அறிந்தது 1932-ல்தான். 1937-ல் ஸென்ட்-கியோர்கிக்கு நோபல் பரிசு வந்தது. ஹெண்டர்ஸன் ஸ்மித்துக்கு ஒன்றும் வரவில்லை. என் மதிப்பில் அவருடைய கட்டுரைக்கு அந்தப் பரிசுக்குப் பக்கத்திலேயே ஓர் இடம் உண்டு. 1986-ல் கென்னத் கார்ப்பெண்டர் என்ற சத்துணவு விஞ்ஞானி ஸ்கர்வியின் சரித்திரத்தை முழுசாக எழுதினார். விஞ்ஞானியே சரித்திரம் எழுதப் புகுந்தது அந்தப் பெண்மணி போட்ட வழியில் என்று சொல்லலாம்.

இதில் நமக்கென்று ஒரு பாடம் இருக்கிறது. லிண்டின் கதையைத் தமிழில் எழுதுகிறவர்கள் 'எலுமிச்சை' என்று எழுதிவிட்டு மேலே போய்விடுகிறார்கள். நாம் ஊறுகாய் போடும் உருண்டைப் பழம் லைம் இனத்தைச் சேர்ந்தது. லிண்ட் கொடுத்தது அதுவல்ல. நம் ஓட்டல்களில் அதே பழத்தைச் சோற்றில் பிழிந்தால் 'லெமன் சாதம்', தண்ணீரில் பிழிந்தால் 'லைம் ஜூஸ்'. நாரத்தை, கிச்சிலி, கடாரங்காய் என்று இனம் பிரித்துப் பெயர் வைத்த பாஷை இது. இங்கே சொல் இல்லாமல் போய்விடவில்லை. தேடிப் பார்க்கிற பொறுமைதான் போய்விட்டது. நாம் எழுதுவதால் மாலுமி எவனும் சாகமாட்டான், வாஸ்தவம். ஆனால் லெமனுக்கும் லைமுக்கும் ஒரே சொல்லைப் போட்ட மொழிபெயர்ப்பைப் படிக்கிற தமிழ் மாணவனுக்கு, இந்தக் கதையின் புதிர் எது, விடை எது என்று இரண்டுமே விளங்காது.

சரித்திரமோ, வைத்தியமோ, விஞ்ஞானமோ, எந்த ஆராய்ச்சி நூல் கையில் கிடைத்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: எல்லாரும் தெரிந்ததாக வைத்துக்கொண்டிருக்கிற ஒரு சொல்லையாவது இந்த ஆசிரியர் நிறுத்தி, இது எதைக் குறிக்கிறது என்று கேட்டிருக்கிறாரா? கேட்டிருந்தால் அடிக்குறிப்பே இல்லாவிட்டாலும் அது ஆராய்ச்சி. கேட்காதவர் ஆயிரம் பக்கம் எழுதினாலும் புட்டியின் மேல் ஒட்டிய சீட்டைத்தான் படித்துக்கொண்டிருக்கிறார்.